மூச்சுப் பெட்டி

எங்கள் கட்டிடத்தில் அந்த வீட்டுக்குச் ‘சாவைக் காட்டும் வீடு’ என்று பெயர். வைத்தது நான்தான் என்று சொல்வார்கள். இருக்கலாம், என் வாய் அப்படி. மூன்றாம் மாடியில் அவர்கள் கதவும் என் கதவும் எதிரெதிரே. நடுவே இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாவது ஆள் படியில்தான் நிற்க வேண்டும். என் முன்னறையில் தையல் மிஷின் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்தால்தான் ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் கிடைக்கும். வெளிச்சத்தோடு அந்த வீட்டுப் பேச்சும் வந்துவிடும். காதைப் பொத்திக்கொண்டா தைக்க முடியும்?

அங்கே மூன்று பேர். அம்மா பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மகள் பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். மகன் ஒலிப்பதிவு செய்கிறவன். காது இரண்டும் பெரிது, வேலையும் காதால்தான், ஆகவே சின்ன வயதிலிருந்தே அவனைக் ‘காது’ என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அவனும் கோபித்துக்கொண்டதில்லை.

டீச்சருக்கு லீவு நாளில் இன்னொரு வேலை உண்டு. அது நாடகமா என்று கேட்டால் இல்லை என்பாள். நடனமா என்றால் அதுவும் இல்லை. வசனம் கிடையாது, கதை கிடையாது. ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். காலிக் கிடங்கு ஒன்றில் மடியில் பெரிய பனிக்கட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது முழுக்க உருகி ஓடும்வரைக்கும் ஜனங்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு அம்மாள் அழக்கூடச் செய்தாள். “எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கெட்டுப்போனா நானும் இதைத்தான்டி செய்றேன், எவன் வந்து பாக்கறான்?” என்று கேட்டேன். டீச்சர் சிரித்துவிட்டு, “உங்க வீட்டுக்கும் டிக்கெட் போட்டுடலாம் சித்தி” என்றாள். அவளுக்கு எடுத்துக்கொண்ட விஷயம் எப்போதும் சாவுதான். ஏன் என்று கேட்டால், “வேற எதுக்கு எல்லாரும் கண்டிப்பா வருவாங்க?” என்பாள்.

அந்த வருஷம் காதுக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே வந்தது. முதலில் படி ஏற முடியவில்லை. பிறகு குளியலறைக்கு நடக்க முடியவில்லை. இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். ஆக்சிஜன் மிஷின் ஒன்றை மூன்று மாடி தூக்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

அக்காவுக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. அவள் புருஷன் செத்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான். மேல் மாடியில் அவர் உயிர் போகும்போது அவள் கீழே சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி மிஷினுக்குள் கொடுத்துக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தத்தில் ஆள் வந்து கூப்பிட்டது கேட்கவில்லை. மேலே ஓடிப்போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். மூடியிருந்த விரிப்பு காலையில் அவளே மடித்து அனுப்பியது.

“அவரைத்தான் தனியா அனுப்பிட்டேன். இவனை அப்படி அனுப்ப மாட்டேன்” என்று என்னிடம் சொன்னாள். “சாகாம இருன்னு நான் கேக்கல. கேட்டா நடக்கவா போகுது? போகும்போது என் கை அவன் மேல இருக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது.”

காதுக்கும் இது தெரியும். அவள் ராத்திரியெல்லாம் கட்டிலடியில் உட்கார்ந்தே கிடப்பதைப் பார்த்துவிட்டு ஒரு ஏற்பாடு செய்தான். தலைமாட்டில் ஒரு சின்ன மைக்கைத் தொங்கவிட்டான். சமையலறை அலமாரியில் ஒரு ஸ்பீக்கரை வைக்கச் சொன்னான். அவன் விடுகிற மூச்சு அப்படியே சமையலறையில் கேட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் கத்த வேண்டாம், மைக்கை இரண்டு தட்டு தட்டுவான். அக்கா அதற்கு மூச்சுப் பெட்டி என்று பெயர் வைத்தாள். “அது ஓடிக்கிட்டு இருந்தாத்தான் எனக்குக் கையே ஓடுது” என்பாள். கேரட் நறுக்கும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் பெட்டியைப் பார்த்தே பேசுவாள்.

அப்போதுதான் அடுத்த நிகழ்ச்சிக்கான பேச்சு கிளம்பியது. கதவு திறந்திருந்தது, நான் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன்.

“சாகக் கிடக்கறவனை வச்சு சாவைப் பத்தி ஒரு வேடிக்கையாடி?”

“வேடிக்கை இல்லம்மா.”

“பின்னே? ஜனம் வந்து உக்காந்து பாக்குது. முடிஞ்சதும் எழுந்து போகுது. அதுக்குப் பேரு என்ன?”

உள்ளேயிருந்து காது குரல் கொடுத்தான். “அம்மா, ஐடியா என்னோடது. அக்காவைத் திட்டாதே.”

“நீ பேசாம படுடா.”

“படுத்துத்தான்மா இருக்கேன். எங்க எழுந்து ஓடிட்டேன்?” அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு மூன்று மூச்சு பிடித்தது. “எனக்கும் ஒரு வேலை வேணாமா? கூரையைப் பாத்துக்கிட்டே கெடந்தா பைத்தியம் பிடிக்குது. என் மூச்சு எப்படியும் வீணாத்தான் போகுது. ரெக்கார்டாவது பண்றேன்.”

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள்.

அவர்கள் போட்ட திட்டம் இதுதான். இருட்டான கூடத்தில் ஒரு காலிக் கட்டில். முதலில் வாசனை மட்டும் வரும். பிறகு தலையணைக்குள்ளிருந்து மூச்சுச் சத்தம் வரும். டீச்சர் வந்து அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவாள், ஆள் படுத்திருக்கும்போது எப்படி மாற்றுவார்களோ அப்படி. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அக்காதான். நோயாளியை ஒரு பக்கம் புரட்டி, பழைய விரிப்பை முதுகுவரைக்கும் சுருட்டி, புதியதைப் பாதி விரித்து, இந்தப் பக்கம் புரட்டி, அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். இரண்டு பேர் செய்கிற வேலை. டீச்சர் அதை ஒற்றை ஆளாக, இல்லாத உடம்பைப் புரட்டிப் புரட்டிச் செய்வாள். பூஜை மாதிரி திரும்பத் திரும்ப, மூச்சு நிற்கும்வரை. விரிப்புகளை நான் தைத்துக் கொடுத்தேன்.

வாசனைக்கு வீடே அமளிப்பட்டது. ஸ்பிரிட், நீலகிரித் தைலம், ஆரஞ்சுத் தோல், சூடான இஸ்திரித் துணி, ஆறிப்போன சூப். ஒவ்வொன்றையும் கிண்ணத்தில் வைத்து வெந்நீர் ஆவியில் காட்டிக் காட்டிப் பார்த்தார்கள். “சத்தம்னா காதைத் திருப்பிக்கலாம் சித்தி. வாசனை உத்தரவு கேக்காம உள்ள வந்துடும்” என்றான் காது. கலந்து கலந்து டீச்சருக்கு மூக்கே மரத்துவிட்டது. அக்காவுக்கோ சலவைக்கூடத்து மருந்து நெடியில் மூக்கு எப்போதோ போய்விட்டது. கடைசியில் மூக்கு என்று ஒன்று எனக்குத்தான் மிச்சம். தையலை விட்டுவிட்டு வந்து மோந்து பார்த்துச் சொல்வேன். ஒருநாள் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுவந்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அப்படியே காது படுத்திருந்த அறை. “போதும்டி, இதுதான்” என்றேன். காது சந்தோஷப்பட்டான்.

“எல்லாம் சரி, அவன் வாசனை இதுல எங்க இருக்கு?” என்று அக்கா கேட்டாள். “இது மருந்து வாசனை. அவனுக்குக் காதுக்குப் பின்னாடி ஒரு வாசனை உண்டு. எனக்கு மூக்கு இருந்த காலத்துல மோந்திருக்கேன்.”

“அதைப் பிடிக்க முடியாதும்மா” என்றான் அவன். “சத்தத்தைப் பிடிச்சு வைக்கலாம். அதை முடியாது.”

ரெக்கார்டு செய்வது மத்தியானத்தில். அந்த நேரம் ஆக்சிஜன் மிஷினை நீளக் குழாய் போட்டுப் பால்கனியில் தள்ளி வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார்கள். துணி கட்டியிருந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது, மைக் எறும்பு நடப்பதைக்கூடப் பிடித்துவிடும். அக்கா முதலில் சண்டை போட்டாள். பெட்டிதான் ஓடுகிறதே, மூச்சு கேட்கிறதே, தட்டினால் ஓடிவா என்று மகன் சமாதானம் சொன்னான். ஒப்புக்கொண்டாள்.

அந்த நாள் காலையில் டீச்சர் சமையலறையில் நின்று விரிப்பு மாற்றிப் பழகினாள். மூச்சுக்கு ஏற்ப கை நகர வேண்டும். அதற்காக முந்தின வாரம் பதிந்த ஒரு துண்டு மூச்சைத் திரும்பத் திரும்ப ஓடும்படி அதே பெட்டியில் போட்டுக்கொண்டாள். நல்ல மூச்சு அது. இழுப்பு இருந்தாலும் நிதானமாக இருக்கும். மத்தியானம் அரங்கத்திலிருந்து விளக்குக்காரர் வந்துவிட்டார் என்று போன் வந்தது. தம்பிக்கு மைக்கைச் சரிசெய்து, பதிவை ஓடவிட்டு, கதவில் துணியைக் கட்டிவிட்டு ஓடினாள். பெட்டியை மட்டும் திருப்பி மைக்கோடு இணைக்கவில்லை. மறந்துவிட்டாள்.

நான் என் வாசலில் ஒரு கோட்டுக்கு லைனிங் பிரித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அக்கா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே பெட்டியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு நல்லாத் தூங்கறே. தூங்கு தூங்கு. உங்க அக்கா ஓடிட்டா. நீயும் தூங்கிட்டே. சமைக்க ஒருத்தி, துவைக்க ஒருத்தி, புரட்ட ஒருத்தி, எல்லாம் நானே. இடுப்பு விட்டுப்போச்சுடா. எனக்கு எப்பத்தான்டா இதுலேருந்து விடுதலை?”

இதை அவள் தினமும் சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அவனும் மறுபக்கமிருந்து, “அப்ளிகேஷன் போட்டிருக்கேம்மா, இன்னும் பதில் வரல” என்பான். அன்றைக்குப் பதில் வரவில்லை. தூங்குகிறான் என்று நானும் நினைத்தேன்.

சூப் ஆகிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, துணியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெயில் இறங்கிய பிறகு, போதும் ரெக்கார்டு என்று அவளே துணியை அவிழ்த்துக் கதவைத் திறந்தாள். கொஞ்சம் கழித்து வந்து என் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கொஞ்சம் வந்து பாரேன்” என்றாள். “பெட்டி மூச்சு விடுது. அவன் விடல.”

ஓடினேன். கால் குளிர்ந்து போயிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, ஒரு கை மைக்குக்குக் கீழே தலையணையில் கிடந்தது. நான் அவன் கண்ணை மூடும்போதும் சமையலறையில் அவன் மூச்சு இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன்.

“ஏன்டி பிடுங்கினே? ஏன்டி பிடுங்கினே?” என்று அக்கா என் தோளில் அடித்தாள். மாறி மாறி அடித்தாள். பிறகு அந்தப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் வந்து ஒயரைப் பார்த்த உடனே புரிந்துகொண்டாள். “நான் மாத்தலம்மா. நான் மாத்தி வைக்கல” என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். அக்கா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

எல்லாம் முடிந்த பிறகும் அக்கா அந்த அறை ஜன்னலைத் திறக்க விடவில்லை. அவளுக்குத்தான் மூக்கு கிடையாதே, “அவன் வாசனை இருக்கா பாரு” என்று என்னைத்தான் உள்ளே அனுப்புவாள். மோந்து பார்ப்பேன். முதலில் இருந்தது. பிறகு குறைந்தது. பிறகு பூட்டிக்கிடக்கிற அறையின் புழுக்க வாசனை மட்டும்தான். “இருக்கு அக்கா” என்று சொல்லிவிட்டு வருவேன்.

மைக் அன்று ஓடிக்கொண்டேதான் இருந்தது. எல்லாம் பதிவாகியிருந்தது. டீச்சர் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க அதைக் கேட்டாள். கழற்றியபோது அக்கா எதிரில் நின்றாள். நானும் இருந்தேன்.

“கூப்பிட்டானா?”

“இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டான்.”

“பொய் சொல்லாதே. எங்கிட்ட குடு.”

“வேணாம்மா.”

“குடுடி!”

தலையில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். பிறகு அவள் விரல் மேஜையைத் தட்டியது. இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, இரண்டு தட்டு. மறுபடியும் இரண்டு. அவன் தட்டிக் கூப்பிட்டது எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

“என் குரலும் கேக்குது” என்றாள் கழற்றிவிட்டு. “தூரத்துல. எப்பத்தான் விடுதலைன்னு கேக்கறேன். அவன் தட்டறான், நான் விடுதலை கேக்கறேன்.”

“அம்மா, உன் குரலைக் கேட்டுக்கிட்டேதான் போயிருக்கான். தனியாப் போகல.”

“நான் அவன்கிட்டயாடி பேசினேன்? பெட்டிகிட்ட பேசினேன்.”

நிகழ்ச்சியை டீச்சர் விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். விட்டுத் தொலை என்று நானே சொன்னேன். டீச்சரும் அரங்கத்துக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லப் போனாள். தடுத்தது அக்கா. “அவன் கடைசியாச் செஞ்ச வேலை. நடக்கட்டும். ஆனா அந்த நல்ல மூச்சைப் போடாதே. அன்னிக்கு எடுத்ததைப் போடு. என் பேச்சை மட்டும் எடுத்துடு.”

முதல் நாள் சாயங்காலம் கூடம் நிரம்பியிருந்தது. பின்னால் நான் கிண்ணங்களை ஆவியில் வைத்தேன். வாசனை பரவப் பரவ ஜனங்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு மூச்சு வந்தது. டீச்சர் வெள்ளை விரிப்போடு வந்து கட்டிலில் யாரையோ மெதுவாகப் புரட்டினாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

மூச்சு சிறுத்தது. தட்டுச் சத்தம் கேட்டது, இரண்டு. கடைசி வரிசையில் அக்கா எழுந்துவிட்டாள். “வந்துட்டேன்டா, இதோ வந்துட்டேன்” என்று நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடினாள். அவள் கட்டிலை எட்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. வெறும் தலையணையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும் கண்ணாடி போட்ட ஒருவர் அவள் கையைப் பிடித்து, “ரொம்ப இயல்பாப் பண்ணினீங்க. எத்தனை வருஷமா நடிக்கிறீங்க?” என்று கேட்டார். அந்த ஆளை அங்கேயே அறைந்திருப்பேன். டீச்சர் என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “நாளைக்கு முன்னாடி உக்காரறேன்” என்றாள். “ரொம்ப தூரமாப் போச்சு.”

மறுநாள் நடு வரிசையில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாள் முன் வரிசை. எங்கே உட்கார்ந்தாலும் தட்டுச் சத்தம் வருவதற்கு முன்னால் எழுந்திருக்க மாட்டாள். “அவன் கூப்பிடாம நான் எப்படிப் போறது? கதவுல துணி கட்டியிருக்கே” என்பாள். இல்லாத துணி. முழங்கால் வேறு வலி. மேடைப் படி ஒன்றில் தடுக்குவாள், அல்லது விரிப்பு காலில் சுற்றும். ஒவ்வொரு நாளும் ஒரு மூச்சு, இரண்டு மூச்சு பிந்திவிடுவாள். அரங்கத்துக்காரருக்கு ஒரே சந்தோஷம். அம்மா வருகிற கட்டம்தான் உச்சம் என்று எல்லோரும் பேசுகிறார்களாம், இன்னும் ஒரு வாரம் நீட்டிக்கலாமா என்று கேட்டார்.

“இதை நிறுத்துடி. அவ செத்துடுவா” என்றேன் டீச்சரிடம்.

“நிறுத்தினா மட்டும் இருப்பாளா சித்தி?” என்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். “ஒரு தடவை. ஒரே ஒரு தடவை அவ கை வச்சிருக்கும்போது மூச்சு இருந்துட்டா போதும். மனசு ஆறிடும். நான் பாத்துக்கறேன்.”

என்ன செய்யப்போகிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அடுத்த சாயங்காலம் வழக்கம்போல வாசனை, மூச்சு, விரிப்பு. தட்டுச் சத்தம் வந்தது. அக்கா எழுந்தாள். படியில் கையை ஊன்றி ஏறினாள். மூச்சு நிற்கவில்லை. நடந்தாள். நிற்கவில்லை. கட்டிலோரம் முட்டி போட்டு, கையைத் தலையணையில் வைத்து, அதன் பக்கத்தில் தன் காதையும் சாய்த்துக்கொண்டாள். மூச்சு அவள் கன்னத்தடியில் இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. நிதானமாக, சீராக. கூடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் விம்மினாள். அப்பாடா, கிடைத்துவிட்டது அவளுக்கு என்று நினைத்தேன். விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி டீச்சர் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

அக்கா தலையைத் தூக்கினாள்.

“இது அவன் இல்லை” என்றாள்.

டீச்சர் கட்டிலைச் சுற்றி அம்மா பக்கம் வந்தாள்.

“இது பெட்டி மூச்சு. அன்னிக்குச் சமையலறையில ஓடினது. ஒவ்வொரு இழுப்பும் எனக்குத் தெரியும்டி, இதை வச்சுக்கிட்டுத்தானே உருளைக்கிழங்கு சீவினேன்.” தலையணையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். மூச்சு அதற்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. “அவன் மூச்சோட இதை ஒட்டுப் போட்டியா?”

“நீ வந்து சேரணும்னுதாம்மா...”

“அப்போ என் பிள்ளை எந்த இடத்துல போனான்?” அக்கா அவள் முகத்தையே பார்த்துக் கேட்டாள். “படியேறும்போதா? நடந்து வரும்போதா? இன்னிக்கும் எனக்குத் தெரியாமயே போயிட்டானா?”